பார்டர் கடையில் முதல்முறை பரோட்டா சாப்பிடப் போகிறவர்களுக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரும். "அங்க எந்தக் கடையில சாப்பிடணும்?" கடையைச் சொல்வது சுலபம், பார்டர் பரோட்டாக் கடைதான். அங்கே போய் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. போன ஆடியில் சென்னையிலிருந்து வந்த நண்பர், உட்கார்ந்ததும் ஆறு பரோட்டாவை மொத்தமாக வாங்கி, சப்பாத்தியைப் போலத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் இதானே கிடைக்குது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அதே கடைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சாப்பிட வைத்தேன். அன்றைக்கு அவர் இலையை விட்டு எழுந்திருக்கவே நேரமானது. அவருக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். பார்டர் என்று ஏன் பெயர்? தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது பிரானூர். இன்றைய கேரள எல்லை அங்கிருந்து இன்னும் மேற்கே, புளியரையையும் தாண்டி இருக்கிறது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. தென்காசி சென்னை மாகாணம். இரண்டுக்கும் நடுவில் எல்லை பிரானூரில் இருந்தது. செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்ததும் எல்லை மலைப்பக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது. அங்குள்ள ரஹ்மத் கடை பேர்போனது. இப்போது குற்றாலம், தென்காசி, திருநெல்வேலி என்று எங்கே பார்த்தாலும் பார்டர் என்று பலகை வைத்த கடைகள் இருக்கின்றன. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் எங்களுக்கு இது எல்லாமே திருநெல்வேலிச் சீமைதான். சரி, கடைக்குள் போவோம்.

படி 1: குளித்துவிட்டுப் போங்கள்

அருவியில் குளித்துவிட்டு வந்தால் வரும் பசி தனி. ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ அரைமணி நேரம் நின்றுவிட்டு, தலை துவட்டி நேராகக் கடைக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போகாதீர்கள், வயிறு கனத்துவிடும். சீசன் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அந்த நாட்களில் சனி, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போனால் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ஆறரை, ஏழு மணி வாக்கில் போவது நல்லது. ஆளே இல்லாத நேரமும் வேண்டாம். அப்போது ஏற்கெனவே போட்டு அடுக்கிவைத்த பரோட்டாதான் வரும். கல் ஓயாமல் ஓடும் நேரத்தில்தான் சூடாகக் கிடைக்கும்.

படி 2: கல் தெரிகிற இடத்தில் உட்காருங்கள்

இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். மாஸ்டர் வேலை செய்வதைப் பார்த்தால்தான் இலையில் வருவது என்னவென்று புரியும். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை எடுத்துக் கல்மேடையில் வீசி, கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கி, நாடா போலச் சேர்த்துச் சுருட்டி வைப்பார். பிறகு கையால் தட்டிக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி அடிப்பார். அந்த அடியில்தான் ஒட்டியிருந்த அடுக்குகள் பிரிந்து, உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறும். அடிக்காத பரோட்டா தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், சால்னா உள்ளே இறங்காது.

அடித்த சத்தம் காதில் விழுந்ததும் பரோட்டா கேளுங்கள், அந்தச் சூட்டோடு உங்கள் இலைக்கு வந்துவிடும்.

படி 3: இரண்டிரண்டாக வாங்குங்கள்

பார்டர் பரோட்டா சின்னது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு ஆள் ஐந்து, ஆறு சாப்பிடுவது சாதாரணம். அதற்காக ஆறையும் சேர்த்துக் கேட்காதீர்கள். மைதா ஆறினால் இழுவையாகிவிடும், என் நண்பருக்கு நடந்தது அதுதான். "அண்ணாச்சி, முதல்ல ரெண்டு போடுங்க" என்றால் போதும். தீரும்போது மறுபடி கேட்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

படி 4: பிய்த்துப் போட்டு ஊற வையுங்கள்

விஷயமே இங்கேதான் இருக்கிறது. இலைக்கு வந்த பரோட்டாவை இரண்டு பக்கமும் விரலால் லேசாக நெருக்குங்கள், சுருள் தளரும். பிறகு இரண்டு விரல் அகலத் துண்டுகளாகப் பிய்த்துப் போடுங்கள். ரொம்பப் பொடியாக்கினால் களியாகிவிடும், பெரிதாக விட்டால் உள்ளே ஊறாது. பரிமாறுபவரே "பிச்சுப் போடவா?" என்று கேட்டால் முதல்முறை சரி என்று சொல்லிவிட்டு, அவர் விரல்களைக் கவனியுங்கள். சூட்டைப் பொருட்படுத்தாமல் நாலு இழுப்பில் முடித்துவிடுவார்.

அப்புறம் சால்னா. குழியாகக் குவித்து நடுவில் ஊற்றச் சொல்லுங்கள். ஓரத்துத் துண்டுகள் கொஞ்சம் மொறுமொறுப்பாகவே இருக்கட்டும். ஊற்றியதும் கையை வைக்காதீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். சால்னா கெட்டிக் குழம்பு மாதிரி இருக்காது, தண்ணியாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் அடுக்குகளுக்குள் இறங்கும். இது தெரியாமல், தண்ணியாக இருக்கிறதே என்று முதல்முறை வருகிறவர்கள் ஏமாற்றமடைவது உண்டு. கறி வெந்த சாறும் சோம்பும் தேங்காயும் சேர்ந்த வாசனை மேலே வரும்போது எடுத்துச் சாப்பிடுங்கள்.

முதல் இரண்டு பரோட்டாவைச் சால்னாவோடு மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். கறி எதுவும் வேண்டாம். ஒரு கடை நல்ல கடையா இல்லையா என்று அந்த இரண்டு பரோட்டாவிலேயே தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். சால்னா தீர்ந்தால் தயங்காமல் கேளுங்கள், ஊற்றுவார்கள்.

படி 5: தொட்டுக்கொள்ள

மூன்றாவது பரோட்டாவுக்குத்தான் கறி. நாட்டுக்கோழி பெப்பர் சிக்கன் சொல்லுங்கள். சின்னச் சின்னத் துண்டாக, மிளகுக் காரம் ஏறி வரும். ஊறிய பரோட்டாவுக்கு நடுவில் அதை வைத்துச் சாப்பிட்டால் மெத்தென்று ஒன்று, கடித்துச் சாப்பிட ஒன்று என்று வாய்க்கு இரண்டும் கிடைக்கும். காடை வறுவலும் நன்றாக இருக்கும். அதன் எலும்பு ஊசி மாதிரி இருப்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது நீங்களே பிரித்துக் கொடுங்கள். இடையிடையே பச்சை வெங்காயம் ஒரு வாய் எடுத்துக்கொண்டால் எண்ணெய் திகட்டாது.

விலையை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரோட்டாவால் பில் ஏறாது, கோழியாலும் காடையாலும்தான் ஏறும். காடைக்கு முழுதாக ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு பெப்பர் சிக்கன் போதும், முடிந்த பிறகு வேண்டுமானால் இன்னொன்று வாங்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட வந்தால் அவர்களை இங்கே உட்கார வைத்துச் சிரமப்படுத்தாதீர்கள். இந்தச் சால்னா கறிச் சால்னா. அவர்களுக்குத் தென்காசியில் நல்ல சைவ ஓட்டல்கள் உண்டு.

படி 6: எழுந்திருக்கும்போது

சில கடைகளில் இலையை நாமே எடுத்துப் போட வேண்டும், சில இடங்களில் மடித்து வைத்தால் போதும். பக்கத்தில் சாப்பிடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்யுங்கள். நின்றுகொண்டு காத்திருக்கிறவர்கள் இருந்தால் பேச்சை வெளியே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கருப்பட்டிக் காப்பி கிடைத்தால் ஒரு டம்ளர் குடியுங்கள், நெஞ்சில் நிற்கும் எண்ணெய்க்கு அது இதமாக இருக்கும்.

வீட்டுக்குப் பார்சல் வாங்குவதானால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பரோட்டாவைக் கல்லில் போட்டு வாட்டினால் இன்னும் விறைத்துப் போகும். இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும் தட்டில் பரோட்டாவை அடுக்கி, இரண்டு நிமிஷம் மூடிவைத்து எடுங்கள். எடுத்த சூட்டோடு இரண்டு கையாலும் ஒரு அடி அடித்துவிட்டு இலையில் போடுங்கள்.