தட்டு வெட்டும் மெஷினுக்கு எந்த எக்ஸ்டென்ஷன் வயர்?

சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) மாடு கட்டும் கட்டுத்தரை வரை வயர் இழுத்து, சோளத்தட்டு வெட்டும் மெஷின் ஓட்டுபவர்கள் நம் கொங்குப் பக்கம் நிறைய. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். முதலில் வயரைப் பாருங்கள்.

விலை குறைவு என்று 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 30 மீட்டருக்கு இழுத்தால், 10 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே 15 வோல்ட்டுக்கு மேல் இழப்பாகிவிடும். மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்கு ஏறும், இழப்பும் கூடவே ஏறும். அதே தூரத்துக்கு 2.5 வயர் போட்டால் இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். மோட்டாருக்கு மட்டும் இந்தக் கணக்கு சரியாக வராது, நிஜத்தில் கூடுதலாக இழுக்கும். அதன் மேல் உள்ள தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 எச்பி மோட்டார் என்றால் தயங்காமல் 2.5 வயர், 16 ஆம்பியர் பிளக். டேபிள் ஃபேன், சார்ஜருக்கு 0.75 தாராளம்.

கடையில் 'த்ரீ கோர் காப்பர்', அதாவது எர்த்தோடு சேர்த்து மூன்று செம்புக் கம்பி உள்ள வயர் என்று கேட்டு வாங்குங்கள். முறுக்கிய இரட்டை வயர் வேண்டவே வேண்டாம், அதில் எர்த் கிடையாது. சாணியும் தண்ணியுமாக ஈரம் காயாத கட்டுத்தரையில் மாட்டுக்கும் ஆளுக்கும் அந்த மூன்றாவது கம்பிதான் காவல். வயர் மேல் ஐ.எஸ். 694 (வயருக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், மீதி வயரைச் சுருட்டி வைத்தபடி மெஷினை ஓட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும். முழுவதும் விரித்துவிட்டே சுவிட்ச் போடுங்கள்.