யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்திருக்கிறீர்களா? எந்த அரசிடம் எதைக் கேட்பது?

தமிழரசுக் கட்சி 1949இல் தொடங்கிய காலம் முதல் யாழ்ப்பாணத்து மேடைகளில் கேட்ட சமஷ்டிக்குள், அதாவது கூட்டாட்சிக்குள், இப்போது குடிவந்திருக்கிறீர்கள். அலுவல் என்றால் கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 91ஆம் பிரிவு மத்திய அரசின் அதிகாரங்களையும், 92ஆம் பிரிவு மாகாணங்களின் அதிகாரங்களையும் வகுக்கிறது. நிரந்தர வதிவிட அட்டையும் சமூகக் காப்புறுதி இலக்கமும் மத்திய அரசின் பொறுப்பு. மருத்துவ அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாடகைச் சட்டம் எல்லாம் மாகாணத்தின் கையில். பாடசாலையும் அப்படியே. யாழ் இந்துக் கல்லூரி தேசிய பாடசாலையாகக் கொழும்பு அமைச்சின் கீழ் இருப்பதுபோல் இங்கே தேட வேண்டாம். கல்விக்கென்று மத்திய அமைச்சே கிடையாது. திருமணம்தான் வேடிக்கை: யார் யாரை மணக்கலாம் என்பதும் மணமுறிவும் மத்திய சட்டம். ஆனால் ஒன்ராறியோவில் மணம் செய்துவைக்கும் ஐயர், அது சட்டப்படி செல்ல, மாகாணத்தில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும்.

முதல் சம்பளச் சீட்டை ஆறுதலாகப் படியுங்கள். வேலையின்மைக் காப்புறுதிக்கு ஒரு தொகை கழித்திருப்பார்கள். அத்தகைய சட்டத்தை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, 1935இல் இயற்றியது. அது மாகாணங்களின் அதிகாரம் என்று அன்று கனடாவின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1937இல் செல்லாததாக்கிவிட்டது. மாகாணங்களின் சம்மதத்தோடு 1940இல் அரசியலமைப்பைத் திருத்தி, 91ஆம் பிரிவில் அதைச் சேர்த்த பிறகே காப்புறுதி வந்தது. அடுத்த கழிவு ஓய்வூதியத் திட்டம். அதற்கு 1951, 1964 திருத்தங்கள் வழிவிட்டன; ஆனால் மாகாணச் சட்டத்துக்கே முதலிடம் என்ற நிபந்தனையோடு. கியூபெக்கில் வேலை செய்யும் உங்கள் மச்சானின் சீட்டில் கியூபெக் ஓய்வூதியத் திட்டம் என்றிருப்பது அதனால்தான்.

அந்தத் திருத்தங்கள் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. 1982 முதல் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. அதிகாரப் பங்கீட்டை மாற்ற, மத்திய நாடாளுமன்றத்துடன், மாகாணங்களின் மக்கள்தொகையில் பாதியையாவது கொண்ட ஏழு மாகாணங்கள் இணங்க வேண்டும், சிலவற்றுக்குப் பத்தும். மனிட்டோபா, நியூஃபவுண்ட்லாந்து இரண்டின் ஒப்புதல் கிடைக்காமல் 1990இல் மீச் லேக் உடன்பாடு என்ற அரசியலமைப்புத் திருத்த முயற்சி சரிந்தது. நம் ஊரிலோ மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம் தந்ததை, அச்சபைகள் மறுத்தாலும், நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மாற்றிவிடலாம். வித்தியாசம் அங்கேதான், மற்றதெல்லாம் எந்த அதிகாரம் யாருக்கு என்ற பட்டியல்தான்.

வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் ஒட்டாவா உறுப்பினரிடம் போகாதீர்கள். மாகாண உறுப்பினர் வேறொருவர். தொகுதியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அலுவலகம் வேறு.