பெங்கால் பக்கம் போட்டோ எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டிசம்பர் லீவுல கொல்கத்தா, பிஷ்ணுபூர், டார்ஜிலிங்னு பிளான் போடுறவங்க நிறைய பேர் முதல்ல கோட்டை விடுறது டைம்ல தான். சென்னையில அந்த மாசக் கடைசில 5:45 வரைக்கும் வெயில் நிக்கும், அதே கணக்குல சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு நாலரைக்கு மேல ரூமை விட்டுக் கிளம்புனா கொல்கத்தால 5 மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துடும், கையில கேமராவோட இருட்டைத் தான் பாக்கணும். அங்க குளிர்காலத்துல நல்ல சாயங்கால வெளிச்சம்னா 3:30ல இருந்து 4:45 வரைக்கும் தான். ஜூன்ல போனா காலைல 5 மணிக்கு முன்னாடியே உதயம் ஆயிடும். பார்டர் தாண்டி பங்களாதேஷ் போறவங்க கடிகாரம் அரை மணி நேரம் முன்னாடி ஓடும்ங்கறதையும் சேத்து கணக்கு போட்டுக்கோங்க.

அடுத்தது பிஷ்ணுபூர். இங்க தான் எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா அவ்வளவு அழகான இடத்துக்குப் போய்ட்டு கோயிலுக்கு முன்னாடி நின்னு ஒரு வைட் ஷாட், ஒரு செல்ஃபி, அவ்வளவு தான்னு கிளம்பிடுறாங்க. தென் வங்காளத்துல பெரும்பகுதி ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல் மண்ணு, கட்டடத்துக்கு ஏத்த கல்லு கிடைக்கிறது கஷ்டம், அதனால பிஷ்ணுபூரை ஆண்ட மல்ல ராஜாக்கள் செங்கல்லையும் சுட்ட மண்ணையும் நம்பி கட்டுனாங்க (பக்கத்துல கிடைச்ச செம்புறாங்கல்லுலயும் கொஞ்சம் கோயில் இருக்கு). நம்ம ஊர் கோபுரம் மாதிரி தூரத்துல நின்னு அண்ணாந்து பாத்து அசந்து போற அளவுல எதுவும் இருக்காது, சின்னச் சின்ன கோயில்கள், ஆனா செவுரு பூரா உள்ளங்கை அளவு டெரகோட்டா (சுட்ட மண்) பலகைங்க. 1643ல கட்டுன ஷியாம்ராய் கோயில், 1655ல கட்டுன ஜோர்பங்களா ரெண்டுலயும் கிட்ட போய் நின்னு பாருங்க, ராமாயணம், வேட்டை, படகு, ராசலீலைன்னு வரிசை வரிசையா கதை ஓடும். அதனால வைட் லென்ஸ் ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போறது பெரிய தப்பு, 50 மில்லிமீட்டரோ 85ஓ கண்டிப்பா பையில இருக்கட்டும், ரொம்பக் கிட்ட போய் எடுக்குற மேக்ரோ லென்ஸ் இருந்தா இன்னும் நல்லது.

அந்தப் பலகைய எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீங்க. நேரா முன்னாடி இருந்து வெளிச்சம் அடிச்சா புடைப்பெல்லாம் தட்டையாகி வெறும் செங்கல் நிறம் தான் மிஞ்சும். வெளிச்சம் செவுத்தை உரசிக்கிட்டு பக்கவாட்டுல வரணும், அப்போ தான் மூக்கு, கை விரல், குதிரையோட பிடரின்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நிழல் விழும். கிழக்கு பாத்த செவுத்துக்கு உதயத்துல வெளிச்சம் நேரா முட்டும், அதனால அவசரப்படாம ஒம்பது, பத்து மணிக்கு மேல போங்க. தெற்கு பாத்த செவுரு குளிர்காலத்துல பகல் பூரா வெயில் வாங்கும், காலைலயும் சாயங்காலமும் பக்கவாட்டுல நல்லா உரசும். கட்டடத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்து எந்தச் செவுத்துல இப்போ நிழல் நல்லா விழுதுன்னு பாத்துட்டு அப்புறமா கேமராவை எடுங்க.

இன்னொண்ணு, இது வீட்டுக்கு வந்த பிறகு எடிட்டிங்ல பண்ற தப்பு. வங்காளக் கோயில்ல கூரையோட ஓரம் நேரா இருக்காது, நடுவுல தூக்கி ரெண்டு பக்கமும் வளைஞ்சு இறங்கும், மூங்கிலும் வைக்கோலும் போட்ட கிராமத்துக் குடிசையோட வடிவத்தை அப்படியே செங்கல்லுல கொண்டு வந்திருக்காங்க. லென்ஸ் தான் வளைச்சுடுச்சுன்னு நினைச்சு அதை சாஃப்ட்வேர்ல நிமித்தி விடுறவங்க இருக்காங்க! அந்த வளைவு தான் அந்தக் கட்டடத்தோட உயிரு. நிமித்தணும்னா தூணையும் செவுத்தோட செங்குத்தான ஓரத்தையும் பாத்து நிமித்துங்க, கூரையைத் தொடாதீங்க. செங்கல் சிவப்பை சேச்சுரேஷன்ல ஏத்தி ஆரஞ்சு ஆக்குறதும் வேண்டாம்.

கால்னாங்கற ஊர்ல 1809ல கட்டுன 108 சிவன் கோயில் இருக்கு, வெளி வட்டத்துல 74, உள் வட்டத்துல 34. எல்லாரும் நடுவுல நின்னு வைட்ல எடுக்குறாங்க, கூரையெல்லாம் குட்டியா தள்ளிப் போயிடுது. ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல ஒரு ஓரமா நின்னு தூரத்தைக் கிட்ட இழுக்குற டெலி லென்ஸ்ல அந்த வளைவு போற திசையிலயே எடுங்க, ஒண்ணு மேல ஒண்ணா கூரை அடுக்கி வரும்.

சுந்தரவன அலையாத்திக் காட்டுல புலி ஒண்ணையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது தான் தப்பு. முதல்ல அலை ஏத்த இறக்கம் எத்தனை மணிக்குன்னு போட்டுக்காரர்கிட்ட கேளுங்க, தோராயமா ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். தண்ணி வத்துன நேரத்துல தான் சேறு வெளிய தெரியும், சேத்துல இருந்து ஆணி அடிச்ச மாதிரி மேல நிக்கிற சுவாச வேரு, நண்டு, குளிருக்கு வெயில் காய வர்ற முதலைன்னு எல்லாம் அப்போ தான் கிடைக்கும். போட்டோட கம்பி மேல லென்ஸைச் சாய்க்காதீங்க, இன்ஜின் அதிர்வு முழுக்க படத்துல வந்துடும், ஷட்டர் வேகத்தை 1/1000 செகண்டுக்கு மேல வச்சு கையில பிடிங்க, முடிஞ்சா ஒரு நிமிஷம் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க.

டார்ஜிலிங் டைகர் ஹில்ல கூட்டம் மொத்தமும் கிழக்கு பாத்து சூரியனுக்காக நிக்கும், ஆனா 8,586 மீட்டர் உசரத்துல இருக்கிற காஞ்சன்ஜங்கா மேல நம்மளுக்கு முன்னாடியே வெயில் பட்டுடும், வடக்குப் பக்கம் அந்த ரோஸ் கலர் வந்து பொன்னிறமா மாறுறது கொஞ்ச நிமிஷம் தான். அதனால இடம் பிடிக்கும்போதே மலைப்பக்கம் பிடிங்க, எக்ஸ்போஷரையும் (கேமராக்குள்ள விடுற வெளிச்சத்தோட அளவு) பனியைப் பாத்து வைங்க, இல்லன்னா உச்சி வெறும் வெள்ளையா எரிஞ்சு போயிடும். மழைக்காலத்துல இந்தக் காட்சிக்காகவே போறது வேஸ்ட், அக்டோபர் கடைசி, நவம்பர் தான் வானம் தெளிவா இருக்கும்.

கொல்கத்தா ஹவுரா பாலத்து மேல நின்னு கேமராவைத் தூக்குனா போலீஸ் தடுக்கிறது உண்டு, அங்க வாதாடாதீங்க. கீழ மல்லிக் காட் பூ மார்க்கெட் பக்கம் இருந்தோ, ஆத்தைக் கடக்குற ஃபெரில இருந்தோ எடுத்தா பாலம் முழுசா வரும். முர்ஷிதாபாத் ஹசார்துவாரி அரண்மனை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, உள்ள கேமராவும் அனுமதி இல்ல, வெளிய தான். தொல்லியல் துறை இடங்கள்ல டிரைபாடுக்கும் டிரோனுக்கும் முன்கூட்டியே பர்மிஷன் வேணும், மால்டா, முர்ஷிதாபாத், சுந்தரவனம் எல்லாம் பார்டர் ஓரம்ங்கறதால டிரோனை வீட்டுலயே வச்சுட்டுப் போறது நல்லது.

கொல்கத்தால குமார்துலிங்கற பகுதியில துர்கா சிலை செய்றவங்களோட பட்டறைக்குள்ள சொல்லாம நுழைஞ்சு லென்ஸை முகத்துக்கு நேரா நீட்டாதீங்க, பூஜைக்கு முந்தின வாரங்கள்ல அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, நடக்குற சந்தே ஒரு ஆள் அகலம் தான். "தாதா, ஏக்டா சோபி துல்போ?" (அண்ணே, ஒரு போட்டோ எடுக்கட்டுமா?)ன்னு கேளுங்க, பொம்பளைங்கன்னா திதி (அக்கா)ன்னு கூப்பிடுங்க. வேண்டாம்னு தலையாட்டுனா கேமராவைக் கீழ இறக்கிட்டு அடுத்த பட்டறைக்கு நகருங்க. படித்துறைல குளிக்கிறவங்களை ஜூம் போட்டு எடுக்குற வேலையும் வேண்டவே வேண்டாம்.