சிரித்தார்கள், சரி, எதற்குச் சிரித்தார்கள்? முன்னோட்டக் காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய நாடகத்தை அரங்கேற்றும் முன் முன்னோட்டக் காட்சி வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். நியூயார்க், லண்டன் தொழில்முறை அரங்குகள் இதை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் நடத்துகின்றன. இரவில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் காட்சி. மறுநாள் பகலில் வெட்டும் ஒட்டும் ஒத்திகையும். அரங்கேற்றத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது பிரதியில் கை வைப்பதை நிறுத்திவிடுவார்கள். நம் பாளையங்கோட்டையில் கல்லூரி அரங்கமோ திருமண மண்டபமோ இரண்டு மாலைக்குக் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு மாலைகளையும் வீணாக்குவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

முதல் தவறு அழைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. முன்வரிசை முழுவதும் நடிகர்களின் வீட்டாருக்கு. வீட்டுப் பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தால் போதும், அவன் வாயைத் திறக்கும் முன்பே சித்தப்பா கைதட்டிவிடுவார். பின்வரிசைக்காரர்களும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்துகொள்வார்கள். காட்சி எடுபட்டது என்று குறித்து வைத்தால், அது சித்தப்பாவின் பாசத்தைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கும். வீட்டாரை அரங்கேற்றத்துக்கு அழையுங்கள். முன்னோட்டத்துக்கு வேண்டியவர்கள், குழுவில் யாரையும் தெரியாதவர்கள். அரங்கை மாணவர்களால் நிரப்புவதும் உதவாது. அவர்கள் நண்பர்களோடு வருவார்கள், எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். மாமியார், மருமகள், கொழுந்தன் என்று குடும்பமாக வந்து உட்காரும் கூட்டம் நடந்துகொள்ளும் விதமே வேறு. குடும்ப நாடகத்துக்கு நாளை டிக்கெட் வாங்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.

அடுத்து, சிரிப்பை அப்படியே வரவில் வைப்பது. நெல்லைப் பேச்சைத் திரைப்படங்கள் நெடுங்காலமாக நகைச்சுவைக்கும் அரிவாளுக்குமே பழக்கிவைத்திருக்கின்றன. அதனால் மேடையில் அப்பா மகனை "ஏலே" என்று கூப்பிட்டதும், வீட்டில் தினமும் அப்படியே கூப்பிடப்படுகிறவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பேச்சை மேடையில் கேட்ட கூச்சமும் குதூகலமும் கலந்த சிரிப்பு அது. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கும்வரை வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தச் சிரிப்பை நம்பி, இரண்டாம் காட்சிக்குள் சொந்தப் பொறுப்பில் இன்னும் நான்கு "ஏலே" செருகும் நடிகர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை அன்றே பிடித்து நிறுத்த வேண்டும்.

கலங்க வேண்டிய இடத்தில் வரும் சிரிப்புதான் குழுவை அதிகம் குழப்புகிறது. நாடகம் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். களக்காட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. வள்ளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஊருக்குக் கிளம்பப் பையை எடுக்கிறாள். மதினி காபி டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில், சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை விரிக்கிறான் அண்ணன். "செய்முறையில் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன், தாயி" என்கிறான்.

அரங்கில் ஆண்கள் கூட்டமாக இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. இயக்குநர் பதறிப்போகிறார். வயலின் சேர்க்கலாமா, தங்கையை இன்னும் கொஞ்சம் அழவைக்கலாமா என்று அன்றிரவே யோசனை ஓடுகிறது.

சிரித்தவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அதற்கு முன் மணமாகிப் போனவர்களை விலக்கி வைத்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அதன் பிறகும் தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போட்டவர்களும் போடவைத்தவர்களும் உங்கள் அரங்கில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். மாட்டிக்கொண்டவனுக்கு வரும் சிரிப்பு அது. அதே நொடியில் பெண்களைப் பார்த்தால், விசிறிக்கொண்டிருந்த அழைப்பிதழ்கள் நின்றுபோயிருக்கும். ஒருவர் முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி, பக்கத்து நாற்காலியில் இருக்கும் நாத்தனார் பக்கம் திரும்பாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார். காட்சி போய்ச் சேர்ந்துவிட்டது. வயலின் வேண்டாம்.

மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. பார்வையாளர் முகம் தெரியும்படி பக்கவாட்டில் ஒருவர் பிரதியோடு உட்கார வேண்டும். எந்த வசனத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன, எங்கே இருமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது, எங்கே கைபேசி வெளிச்சம் தெரிந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தால் போதும். அபிப்பிராயம் எழுத வேண்டாம்.

மௌனத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும் தவறும் உண்டு. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது கூட்டம் தூங்கி வழிந்தால், பாட்டை முன்னின்று நடத்தும் அண்ணாவி அந்த இடத்திலேயே கதையை முடுக்கிவிடுவார். தூத்துக்குடியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாட்டு நாடக மேடையில், பாட்டுப் பிடித்திருந்தால் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். நடிகர் திரும்பப் பாடுவார். அங்கே கூட்டத்தின் மனநிலையை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்றைய குடும்ப நாடகத்தில் விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குள் நடப்பதை ஒட்டுக்கேட்கும்படி அல்லவா உட்காரவைக்கிறோம்? அவர்கள் மௌனமாகத்தான் இருப்பார்கள். கதைக்குள் போன மௌனமா, காதில் விழாத மௌனமா என்பதுதான் கேள்வி. மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும் மண்டபத்தில், தணிந்த குரலில் பேசும் வசனம் நான்காவது வரிசையைத் தாண்டாது. ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். கேட்கவில்லை என்று யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

காட்சி முடிந்து வாசலில் நின்று "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நன்றாக இருந்தது, அண்ணாச்சி" என்றுதான் பதில் வரும். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் நின்று சாம்பார் எப்படி என்று கேட்பது போலத்தான் இதுவும். குடும்பமாக நிற்பவர்களிடம் கேட்டால், மூத்தவர் சொல்வதே எல்லாருடைய பதிலாகவும் ஆகிவிடும். கதையைக் கேளுங்கள். அண்ணனுக்கு எவ்வளவு கடன்? தங்கை கையெழுத்துப் போட்டாளா, இல்லையா? மதினிக்குப் பத்திரம் பற்றி முன்பே தெரியுமா? பெண்களிடம் நடிகைகளே தனியாகப் பேச்சுக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாசலில் வராத பேச்சு தண்ணீர்க் குழாய் அருகில் வரும்.

"கடைசியில் அண்ணன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். உடனே முடிவை மாற்ற உட்காராதீர்கள். அண்ணன் ஏன் இப்படிச் செய்தான் என்று விளங்காதவர்கள்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்கிறார்கள். அவனுடைய கடனைச் சொல்லும் ஒற்றை வரி முதல் காட்சியில் மின்விசிறிக்குப் பலியாகியிருக்கும். உறுத்திய இடத்தைப் பார்வையாளர் சரியாகவே காட்டுகிறார். பழுது பார்க்க வேண்டிய இடம் இரண்டு காட்சிகளுக்கு முன்னால் கிடக்கிறது. அந்த வரியை மேடையின் முன்பக்கம் வந்து சொல்லவைத்துவிட்டு, இரண்டாம் மாலை மன்னிப்புக் கோரிக்கை எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே இரவில் பத்து இடத்தில் கை வைத்தால் எது பலித்தது என்றே தெரியாது. நடிகர்களும் பழைய வசனத்துக்கும் புதியதற்கும் நடுவில் தடுமாறுவார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க் விமர்சகர்கள் கடைசி முன்னோட்டக் காட்சிகளுக்கு வந்து பார்த்தாலும், அரங்கேற்ற நாள்வரை எழுதியதை வெளியிடுவதில்லை. நம் ஊரில் இடைவேளையிலேயே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு போய்விடுகிறது. குழுவினரும் டிக்கெட் விலையைக் குறைத்து, நாடகம் இன்னும் மாறும் என்று அதிலேயே அச்சிட்டுவிட்டால் பாதித் தீர்ப்புகளைத் தவிர்க்கலாம்.

நடுவில் எழுந்து போகிறவர்களைக் கண்டு மனம் உடைய வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் எழுபவர்களில் பலர் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள். அம்பாசமுத்திரத்துக்கோ நாங்குநேரிக்கோ வீடு திரும்ப வேண்டும். காட்சியை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். எட்டு மணிக்குள் எழுந்து போகிறார்கள் என்றால், அந்தப் பக்கத்தில் பிரதியைத் திறக்கலாம்.