வாய்தா வாங்கினால் கெடு நீளாது

போன மாதம் கோர்ட் வராந்தாவில் ஒரு ஜூனியர் தன் கட்சிக்காரரிடம், “அடுத்த வாய்தா வரைக்கும் நமக்கு டைம் இருக்குண்ணே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே வார்த்தையை இதே நம்பிக்கையோடு நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மனுவில் தேதி விட்டுப்போவது, ஸ்டாம்ப் ஒட்ட மறப்பது போன்றவற்றை பெஞ்ச் கிளார்க்கே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்ய வைத்துவிடுவார். அவரால் சரிசெய்ய முடியாதவை சில இருக்கின்றன.

வாய்தாவைக் கால நீட்டிப்பு என்று நினைப்பது

வாய்தா என்பது வழக்கை அடுத்துக் கூப்பிடும் நாள். கெடு என்பது சட்டம் வைத்த நாள். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

சாதாரண சிவில் வழக்கில் சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வாதியின் வழக்குரைக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில், போட வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து கோர்ட் அதை 90 நாள் வரை நீட்டலாம். அந்த 90 நாள் கண்டிப்பான வரம்பு அல்ல என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, சேலம் வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கிலும் அப்படித்தான் சொன்னது. ஆனால் வாடிக்கையாக நீட்டக்கூடாது, மிகவும் கடினமான சூழ்நிலையில்தான் நீட்ட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. நம்மில் பலருக்கு முதல் பாதி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

வணிக வழக்கில் அந்த முதல் பாதிக்கும் இடமில்லை. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டப்படி 30 நாளுக்குப் பிறகு காரணம் சொல்லி, காஸ்ட் (கோர்ட் விதிக்கும் செலவுத் தொகை) கட்டி, சம்மன் கிடைத்த நாளிலிருந்து அதிகபட்சம் 120 நாள் வரை போகலாம். 121-ஆம் நாள் எதிருரை போடும் உரிமையே போய்விடும். நீதிபதி இரக்கப்பட்டாலும் வழியில்லை. வழக்குரையை நிராகரிக்கக் கோரி மனு போட்டு வைத்திருந்தாலும் அந்த நாள் கணக்கு நிற்காது என்று 2019-இல் தீர்ப்பே வந்துவிட்டது. 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்ச ரூபாய் மதிப்புள்ள வணிகத் தகராறுகூட இந்த வலைக்குள் வந்துவிடுகிறது.

என் கட்சிக்காரர் நூல் வியாபாரி. அவர்மேல் சரக்குப் பாக்கிக்கு வழக்கு. பாதி மூட்டைகளை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கான லாரி ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். சில ரசீதுகளில் மழை பட்டு எழுத்து ஊறியிருந்தது, ஆனால் மூட்டை எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தது. வலுவான வழக்கு. நான் வக்காலத்து போட்ட நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். சம்மன் அவர் கைக்குப் போனது அதற்கு 19 நாள் முன்னால். நடுவில் ஒரு வாய்தா சமாதானப் பேச்சுக்குப் போனது, இன்னொரு நாள் நீதிபதி விடுப்பு. “எதிருரைக்கு” என்று டைரியில் எழுதி அடுத்த தேதி கொடுத்தார்கள். கோர்ட்டே கொடுத்த தேதிதானே என்று நிம்மதியாக இருந்தேன். அந்தத் தேதி 127-ஆம் நாள். எதிருரையை வாங்கவில்லை. வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது, அவ்வளவுதான். மஞ்சள் பை கடைசி வரை பிரிக்கப்படாமல் என் அலமாரியிலேயே இருந்தது.

இந்த ஒன்றை யாராவது திரும்பச் செய்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சம்மனில் கையெழுத்துப் போட்ட தேதியைக் கட்சிக்காரரிடம் கேட்டு, 30, 120 இரண்டு நாளையும் கட்டின் மேலட்டையில் எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

எதிர்த்தரப்பு வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ என்றார்

கூடுதல் நாளுக்கு அவர் சம்மதித்தாலும் கோர்ட் உத்தரவு வேண்டும்.

ஆவணத்தைப் போனில் கேட்பது

வணிக வழக்கில் எதிருரை போட்ட பிறகு 30 நாளுக்குள் இரு தரப்பும் ஆவணங்களைப் பார்வையிட்டு முடிக்க வேண்டும். பிரதிவாதி பதிலுக்கு வாதிமேல் போடும் எதிர் வழக்குரைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தால், எதிருரை, அந்தப் பதில் இரண்டில் பிந்தியதிலிருந்து 30 நாள். கோர்ட் இன்னும் 30 நாள் நீட்டலாம், அதற்கு மேல் கிடையாது. ஜூனியர்கள் இந்த நாட்களை “அசலைக் காட்டுங்க சார்” என்று போனிலேயே கழித்துவிடுகிறார்கள். அப்புறம் மனு போடும்போது, கேட்டதற்கும் மறுத்ததற்கும் துண்டுக் காகிதம்கூட இருக்காது. முதல் வாரத்திலேயே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸுக்குப் பிறகும் காட்டாவிட்டால் எந்தக் கட்டத்திலும் கோர்ட்டிடம் உத்தரவு கேட்கலாம்.

கடைசி நாளில் மனு

அன்று நீதிபதி விடுப்பில் இருக்கலாம்.

‘தவிர்க்க இயலாத காரணங்களால்’

பிரமாண வாக்குமூலத்தில் இந்த வரியை மட்டும் எழுதிவிட்டு நீட்டிப்பு கேட்கிறார்கள். எந்தக் காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? “வாதியின் கணக்குப் புத்தகங்களைக் கேட்டு 4-ஆம் தேதி நோட்டீஸ் அனுப்பினோம், 11-ஆம் தேதி அவர்கள் பெற்றார்கள், 20-ஆம் தேதி வரை பதில் இல்லை, ஒப்புகை அட்டை இணைத்திருக்கிறோம்” என்று எழுதிப் பாருங்கள். நீதிபதி முதலில் அந்த அட்டையைத்தான் புரட்டிப் பார்ப்பார்.