இரு வேளை என்றால் எட்டும் எட்டும் அல்ல: ஆஞ்சைனா மருந்துகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயநோய் வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களின் மருந்து அட்டவணைகளைச் சரிபார்ப்பது என் வேலைகளுள் ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. அவற்றில் பாதி, ஒரு காலத்தில் என் கையெழுத்திலேயே இருந்தவை. நோயாளியின் பெயரைச் சரிபார்க்காமை, காலாவதித் தேதியைப் பார்க்காமை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பாடநூலே சொல்லிவிடுகிறது. செய்தவருக்கும் தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஆஞ்சைனாவுக்கு, அதாவது இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் வரும் நெஞ்சு வலிக்கு, மருந்து கொடுக்கையில் சரியாகத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

நின்றுகொண்டிருப்பவருக்கு நைட்ரோகிளிசரின்

உட்கார வையுங்கள், பிறகு நெஞ்சு வலிக்கான இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள்.

நைட்ரேட்டை நாள் முழுவதும் பரப்பிக் கொடுப்பது

நைட்ரோகிளிசரினைப் போலவே நைட்ரேட் வகையைச் சேர்ந்த ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டின் சாதாரண மாத்திரையை மருத்துவர் நாளுக்கு இரு வேளை என்று எழுதினால், பழகிய கை காலை 8, இரவு 8 என்று தானாகவே நிரப்பிவிடும். பல மருந்துகளுக்கு அந்தப் பழக்கம் சரி, இதற்குத் தவறு. இந்த மாத்திரையின் இரண்டு வேளைகளுக்கும் இடையே சுமார் 7 மணி நேரமே இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு ஒன்று என்றால் பிற்பகல் 3 மணிக்கு மற்றொன்று. அதன் பிறகு மறுநாள் காலை வரை எதுவும் இல்லை. அந்த வெற்று நேரம் யாரோ மறந்து விட்ட இடைவெளி அன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

காரணம் இதுதான். நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. சிரைகள் விரிவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, அதன் வேலைப்பளு இறங்குகிறது. ஆனால் மருந்து இடைவிடாமல் ரத்தத்தில் இருந்துகொண்டேயிருந்தால், ஒரு நாளுக்குள்ளேயே உடல் அதற்குப் பழகத் தொடங்கிவிடும்; அளவைக் கூட்டினாலும் பயன் தேய்ந்துகொண்டே போகும். நாளுக்கு 10 முதல் 14 மணி நேரம் நைட்ரேட் இல்லாமல் விட்டால்தான் அந்தப் பழக்கம் கலைகிறது. நைட்ரோகிளிசரின் கையாண்ட வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் கடும் தலைவலிக்கு ஆளானார்கள் என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. வாரத்தின் மற்ற நாள்களில் அவர்களுடைய உடல் பழகிவிடும். இரண்டொரு நாள் விலகியிருந்தால் பழக்கம் விட்டுப்போகும். நாம் நோயாளிக்கு அன்றாடம் தரவேண்டியது அந்த விடுமுறையைத்தான்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. அறுபது வயது கடந்த ஒருவருக்கு 8 மணி, 3 மணி என்று மருத்துவர் தெளிவாகவே எழுதியிருந்தார். பிற்பகல் 3 மணி என்பது எங்கள் டியூட்டி மாறும் நேரத்தை ஒட்டியிருந்ததால், அந்த மாத்திரை அடிக்கடி தாமதமாயிற்று. அட்டவணையை ஒழுங்குபடுத்துவதாக எண்ணிக்கொண்டு, யாரையும் கேட்காமல், 3ஐ அடித்து இரவு 8 என்று மாற்றினேன். முதல் இரண்டு நாள்கள் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் தலைவலி இல்லை என்றார். மருந்து ஒத்துக்கொண்டது என்று செவிலியர் குறிப்பில் நிறைவோடு எழுதினேன். நான்காம் நாள் காலை, குளியலறைக்கு நடந்தவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாக்குக்கு அடியில் வைத்த முதல் மாத்திரைக்கு வலி அடங்கவில்லை, இரண்டாவது தேவைப்பட்டது. ஈசிஜி, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தன. நோய் முற்றுகிறது என்று கருதி மருந்தின் அளவையும் கூட்டினார்கள். மறுநாள்தான் மூத்த சிஸ்டர் ஒருவர் அட்டவணையில் விரலை வைத்து, “இந்த எட்டை யார் போட்டது?” என்று கேட்டார். நேரத்தைப் பழையபடி மாற்றி, அளவைக் குறைத்து அனுப்புவதற்குள் அவர் கூடுதலாக மூன்று நாள்கள் படுக்கையில் இருக்க நேர்ந்தது.

தலைவலி நின்றதாலேயே மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. முறையாகக் கொடுக்கும்போதும் அது நாளடைவில் குறைவது உண்டு. ஆனால் தலைவலி மறைந்து நெஞ்சு வலி திரும்பினால், அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நேரங்களைப் பாருங்கள். இன்றும் மாதம் ஓர் அட்டவணையிலாவது அந்த இரவு எட்டு மணியைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது, அதில் ஒரு பங்கு என் மீதே.

தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டையிலும் இதே கதைதான். 12 முதல் 14 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு எடுத்துவிட வேண்டும். ஒட்டும் நேரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள்; எடுக்கும் நேரத்தை எழுதுவோர் குறைவு. அதையும் தனி வரியாக, கையெழுத்துக்குரிய கட்டத்தோடு அட்டவணையில் சேருங்கள். ஒட்டுவதற்கு முன்பே பட்டையின் மேல் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். புதியதை ஒட்டும்போது முதுகையும் கைகளையும் பார்த்துப் பழையது எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மார்பில் ஒன்றும் தோள்பட்டைக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு பட்டைகளோடு தலைசுற்றி விழுந்தவரை நான் தூக்கியிருக்கிறேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பெரும்பாலும் இரவில் வலி வருபவருக்கு மருத்துவர் வெற்று நேரத்தைப் பகலில் வைக்கக்கூடும். ஆகவே இரவில் பட்டையைப் பார்த்ததும் பிய்த்துவிடாமல் குறிப்பைப் படியுங்கள். மற்றொன்று, வெற்று நேரம் என்பது நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட்டுக்கு மட்டுமே உரியது. அந்த நேரத்தில் வலி வந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். “இப்போது நைட்ரேட் கூடாத நேரம்” என்று ஒருவர் வலியோடு இருந்தவரைக் காத்திருக்க வைத்ததையும் பார்த்துவிட்டேன்.

கேட்கக் கூசும் கேள்வி

நைட்ரேட் கொடுப்பதற்கு முன், சில்டெனாஃபில் அல்லது டடாலாஃபில் எடுத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் கழியும்வரை நைட்ரேட் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான மருந்து என்று கூச்சப்பட்டு இளம் செவிலியர்கள் இக்கேள்வியை விழுங்கிவிடுகிறார்கள்; பெண்களிடமோ கேட்பதே இல்லை. நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்காக இவற்றைப் பெண்களும் எடுக்கிறார்கள். பெயர்களைச் சொல்லியே, உறவினர்கள் சற்று விலகியிருக்கும்போது கேளுங்கள்.

பீட்டா பிளாக்கரைச் சொல்லாமல் நிறுத்துவது

பீட்டா பிளாக்கர் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து. நாடி 60க்குக் கீழே இருந்தால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைக் கேட்பது சரி. அவர் வேறு எல்லை எழுதியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். கேட்காமலேயே, கொடுக்கவில்லை என்று அட்டவணையில் வட்டம் போட்டுவிட்டுப் போவதும், அடுத்த டியூட்டியில் இருப்பவரும் அதைப் பார்த்து வட்டம் போடுவதுமாக மூன்று வேளைகள் கடந்துவிடுவதுதான் ஆபத்து. மெட்டோபிரொலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் ஆஞ்சைனா கடுமையாகத் திரும்பும், மாரடைப்பும் நேரலாம். அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதை விட்டுவிடக் கூடாது. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிய 56ஐ நம்பி ஒரு வேளையை நிறுத்தாதீர்கள். கூடவே வெராபமில் அல்லது டில்டியாசெம் இருந்தால், நாடி மெதுவாவதும் இதயத்தின் மின்கடத்தல் தடைபடுவதும் இரட்டிப்பாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே அவருக்கு வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

மருந்தை மெல்ல வெளிவிடும் நீண்ட நேர மாத்திரையை நசுக்குவது

கூடாது. மூக்குக் குழாய் வழியே கொடுக்க வேண்டுமானால் வேறு வடிவம் கேளுங்கள்.

மூன்று மாத்திரையும் முடியட்டும் என்று காத்திருப்பது

நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரினை ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று மாத்திரைகள் வரை வைக்கலாம் என்பது அளவின் உச்சவரம்பு. உதவியை அழைப்பதற்கான தவணை அன்று. முதல் மாத்திரைக்குப் பிறகு 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டாலோ கூடினாலோ அவசர உதவியை அழைக்க வேண்டும் என்றே வீட்டுக்குச் செல்பவரிடம் சொல்லுங்கள். வார்டில் என்றால், ஒவ்வொரு மாத்திரைக்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அழுத்தம் 90க்குக் கீழே இருந்தாலோ, அவருடைய வழக்கமான அளவிலிருந்து 30 இறங்கியிருந்தாலோ கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். இதயத்தின் வலது கீழறையைத் தாக்கும் மாரடைப்பில் நைட்ரேட் அழுத்தத்தைக் குப்புறத் தள்ளிவிடும் என்பதால், வலியின்போதே ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது.

மாத்திரையைப் பெட்டி மாற்றுவது

நைட்ரோகிளிசரின் ஆவியாகக்கூடிய மருந்து. பிளாஸ்டிக் அதை உறிஞ்சவும் செய்யும். வாரப் பெட்டியில் மற்ற மாத்திரைகளோடு அதையும் அழகாக அடுக்கிக் கொடுத்தனுப்பும் செவிலியர், வலி வரும் நாளில் பயன்படாத ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார். அது வந்த கருநிறக் கண்ணாடிக் குப்பியிலேயே, இறுக மூடி, வெயிலும் உடல் சூடும் படாத இடத்தில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் அன்று. வீட்டுக்கு அனுப்பும்போது குப்பியை நோயாளியின் கையில் கொடுத்து, அவரே ஒரு முறை திறந்து மூடிக் காட்டச் சொல்கிறேன். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் சிலருக்கு அந்த மூடி திறக்கவே வரவில்லை. அவர்களுக்கு நாக்குக்கு அடியில் அடிக்கும் ஸ்பிரேயை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கினேன்.