"மட்டைதான்" என்று முடிவு கட்டும் முன்: கிளப், பார் ஊழியர்களுக்கான அவசரகாலச் செய்முறை

ஆள் சரிந்து விழுந்ததும் பாரில் முதலில் கேட்கும் சொல் "மட்டை". அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியவரும், தலையில் அடிபட்டவரும், வலிப்பு வந்து தெளிகிறவரும் இதே போலத்தான் உளறுவார்கள், தள்ளாடுவார்கள். வெறும் மதுதான் என்றாலும், அளவு மீறினால் அது மூச்சையே நிறுத்திவிடும். காரணத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. மூச்சைக் கவனிப்பதும், உதவி வரும்வரை அதைக் காப்பதும் உங்கள் வேலை.

1. கதவு திறக்கும் முன்பே

ஷிஃப்ட் தொடங்கும்போதே நான்கு பொறுப்புகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: விழுந்தவர் பக்கத்தில் ஒருவர், போனில் ஒருவர், கூட்டத்தை விலக்க ஒருவர், ஆம்புலன்ஸை எதிர்கொள்ள வாசலில் ஒருவர். பிரிக்காவிட்டால் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், போன் போட ஆள் இருக்காது.

ஏஇடி (இதயம் நின்றவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும்) கருவியின் பச்சை விளக்கைப் பாருங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று சோதியுங்கள். பலர் மயங்குவது அங்கேதான். பின்வாசலில் பாட்டில் பெட்டிகளை அடுக்கியிருந்தால் ஸ்ட்ரெச்சர் நுழையாது.

2. முதல் அரை நிமிடம்

டிஜேயிடம் சொல்லி இசையை நிறுத்தி, பெரிய விளக்குகளைப் போடுங்கள். மினுக்கும் விளக்கில் நெஞ்சு அசைவது தெரியாது, சத்தத்தில் மூச்சு கேட்காது. தரையில் கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மண்டியிடுங்கள். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் உடனே அவசர எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். எந்த வாசல், எந்த மாடி என்று சொல்லுங்கள்.

தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து, தாடையைத் தூக்கி, 10 வினாடிக்கு மிகாமல் நெஞ்சைக் கவனியுங்கள். எப்போதாவது ஒருமுறை "ஹக்" என்று இழுப்பது மூச்சு அல்ல. அது இதயம் நின்றதன் அடையாளம். "மூச்சு இருக்கிறதே" என்று காத்திருந்து நேரம் போவது இங்கேதான்.

3. மூச்சு இல்லை

சோபாவில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவே, 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். மற்றவர்கள் விடாமல் அழுத்தினாலே போதும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஏஇடி வந்ததும் நெஞ்சை நன்றாகத் துடைத்துவிட்டு பேடுகளை ஒட்டுங்கள். வியர்வையோ சிந்திய பீர் ஈரமோ இருந்தால் பேடு ஒட்டாது.

4. மூச்சு இருக்கிறது, எழவில்லை

அதிகம் நடப்பதும், அதிகம் தவறுவதும் இதுதான். "ஆபீஸ் ரூமில் தூங்கட்டும்" என்று தனியே விடக்கூடாது. கடைசி கிளாஸ் முடிந்த பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பத்து நிமிடம் முன்பு முனகியவர் இப்போது முனகாமல் போகலாம். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும்.

பக்கவாட்டில் திருப்பி, மேல் முழங்காலை மடித்து முட்டுக் கொடுத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணட்டும். நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போனாலோ, 10 வினாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ போனில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். காபி, குளிர்ந்த நீர், வலிய வாந்தி எடுக்க வைப்பது எதுவும் போதையை இறக்காது.

5. வேறு சில நிலைகள்

வலிப்பு: நேரம் பாருங்கள், தலைக்கடியில் சட்டையை வையுங்கள். பிடித்து அழுத்தாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

சர்க்கரை நோயாளி, விழுங்க முடிகிறது: 150 மில்லி சாதாரண கோலா கொடுங்கள். டயட் கோலா பயன் தராது.

ஊசிமுனை போன்ற கண்மணி, மிக மெதுவான மூச்சு: ஓபியாய்டாக (ஹெராயின், மார்ஃபின் வகை) இருக்கலாம். அதை முறிக்கும் நாலோக்சோன் ஸ்ப்ரே இருந்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் அடியுங்கள். 2-3 நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்தது. எழுந்துவிட்டாலும் அனுப்பிவிடாதீர்கள், மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி மூச்சு தணியலாம்.

உடல் கொதிக்கிறது, தாடை இறுகுகிறது, குழம்பிப் பேசுகிறார்: குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத்துணி, விசிறி, துண்டில் சுற்றிய ஐஸை அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ் கட்டாயம். லிட்டர் கணக்கில் தண்ணீர் புகட்டக்கூடாது; சோடியம் இறங்கி அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

பவுன்சர்களுக்குத் தனியாக ஒன்று: முரண்டு பிடிப்பவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறக்கூடாது. "மூச்சு முட்டுது" என்பதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிற்க முடியாதவரைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்துவதும் பிரச்சினையை வாசலுக்கு வெளியே தள்ளுவதுதான்.

6. ஒப்படைக்கும்போது

என்ன எடுத்தார் என்று நண்பர்கள் பயந்து மறைப்பார்கள். "மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்" என்று தனியே அழைத்துக் கேளுங்கள். எது, எவ்வளவு, எப்போது? கிடைத்த மாத்திரை அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். பானத்தில் ஏதோ கலந்ததாகச் சந்தேகம் இருந்தால் கிளாஸைக் கழுவாமல் எடுத்து வையுங்கள்.

விழுந்த நேரம், அழைத்த நேரம், செய்தவை எல்லாவற்றையும் அன்றிரவே பதிவேட்டில் எழுதுங்கள். ஏஇடி பேடுகளை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அடுத்த முறை கதவு திறக்கும் முன் புதியவை கருவியில் இருக்க வேண்டும்.